சொம்பின் அடியில் யார் பெயர்?

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

இந்தக் குரலைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. சினிமாவில் இதை வைத்து எத்தனையோ நகைச்சுவைக் காட்சிகள் வந்துவிட்டன. ஆனால் அந்த வரியின் நடுவில் உட்கார்ந்திருக்கிற 'ஈயம்' எந்த உலோகம் என்று யாராவது கேட்டதுண்டா?

கேட்டுப் பாருங்கள். மூன்று பதில்கள் கிடைக்கும்.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு என்றால் அது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் இதுதான். பழைய கார் பேட்டரி, வலையில் கட்டும் குண்டு, துப்பாக்கி ரவை என்றால் அது காரீயம். பள்ளிக்கூட வேதியியல் புத்தகத்தில் வெறுமனே ஈயம் என்று இருந்தால் பெரும்பாலும் இந்தக் காரீயம்தான். இது போதாதென்று, தென்மாவட்டங்களில் அலுமினியப் பாத்திரத்தையும் 'ஈயச்சட்டி' என்று சொல்லும் வழக்கம் உண்டு.

வெள்ளீயத்தில் சமைக்கலாம். காரீயம் நஞ்சு. அலுமினியம் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத வேறு உலோகம். மூன்றுக்கும் ஒரே பெயர்! ஒரே பெயரில் மூன்று சரக்கு இருந்தால், வாங்குபவர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்? பாத்திரத்தின் மேல் ஏதாவது எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

அங்கே எழுதினார்கள்

ஐரோப்பாவில் பீங்கான் தட்டு எல்லோருக்கும் எட்டும் விலைக்கு வருவதற்கு முன், நடுத்தரக் குடும்பங்களின் சாப்பாட்டு மேசையில் இருந்தது பியூட்டர். பெரும்பங்கு வெள்ளீயம், அதோடு கொஞ்சம் செம்பு, ஆன்டிமனி அல்லது காரீயம் சேர்த்து உருக்கிய கலவை. நம் ஈயச்சொம்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரீயம் விலை மலிவு. வெள்ளீயம் விலை அதிகம். அதனால் அங்கேயும் கலப்படம் நடந்தது. லண்டன் பியூட்டர் தொழிலாளர்கள் 1348லேயே தங்களுக்குள் விதிமுறை வகுத்துக்கொண்டார்கள். எந்தப் பாத்திரத்துக்கு எந்தக் கலவை என்று அதில் இருந்தது. வெள்ளீயத்தோடு செம்பு சேர்ந்தது உயர்ந்த தரம், காரீயம் சேர்ந்தது அடுத்த தரம். 1474ல் அவர்களின் சங்கத்துக்கு அரசரின் சாசனம் கிடைத்தது. கடைகளைச் சோதனையிட்டு, தரம் குறைந்த சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் வந்தது. 1503-04ல் வந்த பாராளுமன்றச் சட்டம், செய்பவர் தன் குறியைப் பாத்திரத்தில் பதிக்க வேண்டும் என்றது.

அந்தக் குறிக்கு ஆங்கிலத்தில் 'டச்' என்று பெயர். ஒவ்வொரு தொழிலாளியும் தன் குறியைச் சங்க மண்டபத்தில் இருந்த ஒரு பெரிய பியூட்டர் தகட்டில் அடித்துப் பதிவு செய்ய வேண்டும். நாளைக்கு ஏதாவது ஒரு தட்டு மட்டமாக இருந்தால், அதன் அடியைத் திருப்பிப் பார்த்து, தகட்டோடு ஒப்பிட்டு ஆளைப் பிடித்துவிடலாம். 1666ல் லண்டனை எரித்த பெருந்தீயில் பழைய தகடுகள் அழிந்துபோயின. 1668 முதல் மீண்டும் பதியத் தொடங்கினார்கள். அப்படிப் பதிந்த ஐந்து தகடுகள் இன்றும் இருக்கின்றன.

ஒரு பழைய பியூட்டர் தட்டைக் கையில் எடுத்தால் என்னென்ன பார்க்கலாம்?

முதலில் செய்தவரின் குறி. ஒரு சிறு படமும் பெயரும் அல்லது பெயரின் முதலெழுத்துகளும் இருக்கும். சிலவற்றில் ஆண்டும் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். அது பெரும்பாலும் அந்தத் தொழிலாளி குறியைப் பதிந்த ஆண்டு; தட்டு செய்த ஆண்டு அல்ல. முப்பது வருடம் கழித்துச் செய்த தட்டிலும் அதே ஆண்டுதான் இருக்கும்.

இரண்டாவது தரக்குறி. கிரீடம் சூடிய ரோஜா ஒன்று. கிரீடத்தோடு எக்ஸ் எழுத்து இன்னொன்று. எக்ஸ் என்றால் ஆரம்பத்தில் 'மிக உயர்ந்த கலவை' என்று பொருள். பிறகு ஆளாளுக்கு அடிக்கத் தொடங்கியதால் அதற்கு மதிப்பில்லாமல் போனது. 'லண்டன்' என்று எழுதியிருந்தால் லண்டனில் செய்தது என்று நம்பிவிடக் கூடாது. வெளியூர்க்காரர்களும், கடல் தாண்டி அமெரிக்காவில் இருந்தவர்களும்கூட விற்பனைக்காக லண்டன் என்று அடித்தார்கள். திருப்பதியில் செய்யாத லட்டுக்குத் திருப்பதி லட்டு என்று பெயர் வைப்பது போல!

மூன்றாவது, வரிசையாக நான்கு சின்ன முத்திரைகள். பார்ப்பதற்கு வெள்ளிக்கு அடிக்கும் ஹால்மார்க் போலவே இருக்கும். சட்டப்படி அதற்கு எந்த மதிப்பும் கிடையாது. வெள்ளி மாதிரித் தெரியட்டும் என்று பியூட்டர்காரர்கள் அடித்துக்கொண்ட அலங்காரம் அது. பொற்கொல்லர் சங்கம் ஆட்சேபித்தது.

நான்காவது, தட்டின் சொந்தக்காரரின் குறி. முக்கோணமாக மூன்று எழுத்துகள். மேலே குடும்பப் பெயர், கீழே கணவன், மனைவி பெயர்களின் முதலெழுத்துகள். இதைச் செய்தவரின் குறி என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் உண்டு.

ஆகக் குறி இருந்தால் மட்டும் போதாது. அதை யார் அடித்தார், பொய்யாக அடித்தால் யார் கேட்பார் என்பது முக்கியம். சங்கம் கடைகளுக்குள் புகுந்து சோதித்த காலம் வரை குறிக்கு மதிப்பு இருந்தது.

இங்கே எழுதவில்லையா?

எழுதாமல் என்ன? நம்மைப் போல் பாத்திரத்தில் எழுதியவர்கள் யார்?

கல்யாணச் சீர்வரிசையில் வந்த குடம், அண்டா, சொம்பு, தாம்பாளம் எல்லாவற்றிலும் பெயர் இருக்கும். பாத்திரக்கடை வாசலில் உளியும் சின்னச் சுத்தியலும் வைத்துக்கொண்டு ஒருவர் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக்கொண்டிருப்பார். பிறகு கரண்டில் ஓடும் பேனா வந்தது. புள்ளி எழுத்து போய்க் கோட்டு எழுத்து வந்தது. பரணில் கிடக்கிற ஒரு பாத்திரத்தின் எழுத்தைப் பார்த்தே அது எந்தக் காலத்தில் வெட்டியது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆனால் கவனியுங்கள். வெட்டியிருப்பது யார் பெயர்? வாங்கியவர் பெயர், கொடுத்தவர் பெயர், கல்யாணத் தேதி, 'அன்பளிப்பு'. செய்தவர் பெயர் எங்கே? கலவை என்ன என்பது எங்கே? இங்கிலாந்துத் தட்டில் நான்காவதாக இருந்த குறி மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது. விசேஷ வீட்டில் பாத்திரம் தொலையாமல் இருக்க அது போதும். ரசம் கெடாமல் இருக்க அது போதாது.

தங்கத்துக்கு இப்படி நாம் விடவில்லை. உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்க்கும் வழக்கம் பழையது. 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று மனிதர்களையே புகழ்கிறோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், முதலாம் ராஜராஜன் கொடுத்த பொற்பாத்திரங்களை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்து, எடையையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நிறை தெரிந்து எழுதி வைத்த ஊர் இது! ஆங்கிலத்தில் பியூட்டர் குறிக்குச் சொல்லும் 'டச்' என்ற சொல்லும், உரைகல்லைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் வந்தவை. உரைத்துப் பார்ப்பது என்ற எண்ணம் இரு பக்கமும் இருந்தது. நம் பக்கம் அது தங்கத்தோடு நின்றுவிட்டது. ஈயத்துக்கு வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவில் வெள்ளீயம் மிகக் குறைவு; சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில்தான் கொஞ்சம் கிடைக்கிறது. நம் சமையலறைக்கு வேண்டியது கப்பலில்தான் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகிலேயே அதிகமாக வெள்ளீயம் எடுத்த இடம் மலாயா. அங்கே தாதுவை உருக்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1887ல் தொடங்கப்பட்டது. உலகச் சந்தையில் 'ஸ்ட்ரெய்ட்ஸ்' என்ற பெயரே சுத்தமான வெள்ளீயத்துக்கு அடையாளமாக இருந்தது. கட்டியாக இருக்கும்போது அதற்கு முத்திரை உண்டு. அந்தக் கட்டியை இங்கே ஒருவர் உருக்குகிறார், தகடாக்குகிறார், தட்டிச் சொம்பாக்குகிறார். உலோகம் உருகும்போது முத்திரையும் சேர்ந்து உருகிவிடுகிறது! அதற்குப் பிறகு அந்தச் சொம்புக்குச் சாட்சி, கடைக்காரர் வாய்வார்த்தை ஒன்றுதான்.

அதே மலாயாவில் 1885ல் கோலாலம்பூர் வந்து பியூட்டர் வேலை தொடங்கிய யோங் கூன் என்ற சீனத் தொழிலாளியின் நிறுவனம், இன்று 'ராயல் செலங்கூர்' என்று உலகம் முழுக்க விற்கிறது. கும்பகோணத்தில் சொம்பு தட்டியவரும் அதே உலோகத்தில்தான் வேலை செய்தார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

தேவதானத்தில் ஒரு சொம்பு

ராஜபாளையத்திலிருந்து தெற்கே சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். அங்குள்ள சிவன் பெயர் நச்சாடை தவிர்த்த லிங்கேஸ்வரர். சோழ அரசன் ஒருவன் நஞ்சு தோய்த்த ஆடையைப் பரிசு போல அனுப்ப, அதிலிருந்து பாண்டியனைக் காத்தார் என்று தலபுராணம் சொல்கிறது. பரிசு அழகாக இருக்கும், நஞ்சு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அந்தக் கதையின் பயம்.

அந்த ஊரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம்.

அந்த வீட்டு ஆச்சியிடம் ஓர் ஈயச்சொம்பு இருக்கிறது. சென்னையில் இருக்கும் பேத்தி, ஒன்றரை வயதுக் குழந்தையோடு லீவுக்கு வந்தபோது, ஆச்சி அதைத் துடைத்துக் கையில் கொடுத்தார். பிள்ளைக்கு இனிமேல் இதில்தான் ரசம் வைக்க வேண்டுமாம். பேத்தி வாங்கியதும் முதலில் அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னட்டி, அப்படித் தலைகீழாப் பாக்க?"

"இல்ல ஆச்சி, இது எந்த ஈயம்னு பாக்கேன்."

"எந்த ஈயமா? நல்ல ஈயந்தான். ஒங்க பூட்டி சீரோட கொண்டாந்தது."

அடியில் புள்ளி புள்ளியாக 'வே.பொ. 1957' என்று இருந்தது. பூட்டியின் பெயரெழுத்து. வேறு ஒன்றுமில்லை. ஆனால் அடிப்பக்கம் ஒரு ஓரத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு நிறம் மாறிய இடம் ஒன்று இருந்தது. சுற்றிலும் வெண்மை, அங்கே மட்டும் மங்கலான சாம்பல்.

அது என்ன என்பது ஆச்சிக்கு நினைவிருந்தது. ஒரு தடவை சொம்பில் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்துவிட்டார்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கிற வரை சூடு நூறு டிகிரியைச் சுற்றியே நிற்கும். சொம்புக்கு ஒன்றும் ஆகாது. காலிச் சொம்பை வைத்தால் ஓட்டைதான். அதனால்தான் முதலில் ஊற்று, பிறகு அடுப்பைப் பற்றவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்று விழுந்த ஓட்டையைத் தெருவில் வந்த ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்து அடைத்திருக்கிறார்கள்.

எதை வைத்து அடைத்தார்? பற்றவைக்கிற ஈயக்கம்பி பல காலமாக வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலவை. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக உருகுவதைவிடக் குறைந்த சூட்டில், 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். அடைப்பதற்குச் சுலபம். ரசத்தில் இருக்கிற புளிக்கும் தக்காளிக்கும் அமிலம் உண்டு. அமிலம் காரீயத்தைக் கரைக்கும்.

பேத்தி தன் சந்தேகத்தைச் சொன்னதும் ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அறுவது வருசமா இதுலதான் ரசம் வச்சிக் குடிக்கோம். நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்?"

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். காரீயம் பாம்புக்கடி மாதிரி வேலை செய்யாது. கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்து எலும்பில் தங்கும். பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதிப்பு மூளை வளர்ச்சியில். பிள்ளை மந்தமாக இருந்தால் 'படிப்பு ஏறலை' என்றுதான் சொல்வோமே தவிர, சொம்பைச் சந்தேகப்பட மாட்டோம். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் இல்லை என்பதே அந்த நிறுவனத்தின் நிலை. யுனிசெஃப் 2020ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் காரீயம் கவலைப்படும் அளவில் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் இந்தியக் குழந்தைகள் மட்டும் 27 கோடிக்கு மேல்.

இதையெல்லாம் ஆச்சியிடம் சொல்லிவிட முடியுமா? பேத்தி சொல்லவில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

அளந்து பார்த்தபோது

வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. காரீயத்தின் அடர்த்தி 11.3. கலந்தால் எடை கூடும். ஆர்க்கிமிடீஸ் கிரீடத்தைச் சோதித்த அதே வழி.

பலசரக்குக் கடைத் தராசில் சொம்பு 640 கிராம் இருந்தது. விளிம்பு வரை தண்ணீர் நிறைத்த ஒரு வாளியில் காற்றுக்குமிழி இல்லாமல் மூழ்கவைத்து, வழிந்த தண்ணீரைக் குழந்தையின் மருந்து அளக்கும் மூடியால் அளந்தார்கள். சுமார் 85 மில்லி வந்தது. சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் 88 மில்லி வர வேண்டும்.

மூன்று மில்லி வித்தியாசம். அப்படியே நம்பினால் சொம்பில் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் காரீயம் இருக்கிறது. ஆனால் வாளியில் வழிகிற தண்ணீரை அளக்கும்போது நான்கு மில்லி முன்பின் ஆவது சாதாரணம். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 'காரீயமே இல்லை' என்றும் சொல்லலாம், 'ஐந்தில் ஒரு பங்கு காரீயம்' என்றும் சொல்லலாம்! பாதிக்குப் பாதி கலந்த மோசடியை வேண்டுமானால் இந்த வழி பிடித்துவிடும். கொஞ்சமாகக் கலந்ததைப் பிடிக்காது. அடியில் இருக்கிற ஒட்டுப் பற்றிச் சுத்தமாக எதுவும் சொல்லாது.

இன்னும் சில கைவைத்தியச் சோதனைகள் உண்டு. வெள்ளைத் தாளில் தேய்த்தால் காரீயம் பென்சில் போலக் கறுப்புக் கோடு விடும், வெள்ளீயம் அப்படி விடாது. வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் 'கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஆனால் சொம்பை யார் வளைத்துப் பார்ப்பார்கள்? கோடு விழவில்லை என்பதால் காரீயம் இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது.

கடைசியில் ஆச்சியே ஒரு வார்த்தை சொன்னார். "சரி, சந்தேகம்னு வந்துட்டுல்லா? அப்ப பிள்ளைக்கு வேண்டாம்."

குழந்தைக்கு எவர்சில்வரில் ரசம் வைத்தார்கள். சொம்பை ஆச்சி கழுவி அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார்.

நல்ல சரக்கு ஏன் தோற்கிறது?

அந்தச் சொம்பைச் செய்தவர் அனேகமாக நல்ல வெள்ளீயத்தில்தான் செய்திருப்பார். கெட்டது பின்னால் வந்த ஒட்டாக இருக்கலாம். ஆனாலும் அலமாரிக்குப் போனது முழுச் சொம்பும்தான். நல்லவர் செய்த வேலைக்கும் சேர்த்து அவப்பெயர்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது பழக்கப்பட்ட கதை. 1970ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001ல் நோபல் பரிசை அவரோடு இன்னும் இருவர் பகிர்ந்துகொண்டார்கள். அவர் சொன்னது எளிமையானது. விற்பவருக்குத் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் எல்லாச் சரக்குக்கும் ஒரு நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலை நல்ல சரக்கு வைத்திருப்பவருக்குக் கட்டுபடியாகாது, அவர் ஒதுங்கிவிடுவார். மட்டமான சரக்கு வைத்திருப்பவர் சந்தோஷமாக விற்பார். கொஞ்ச நாளில் சந்தையில் மட்டமானது மட்டும் மிஞ்சும்.

ஈயச்சொம்புக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். கிலோவுக்கு நூறு கிராம் மாற்றினாலும் லாபம்தான். தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. சுத்தமான வெள்ளீயத்தில் செய்கிற தொழிலாளி தான் வேறு, அவன் வேறு என்று காட்ட வழியே இல்லை. காட்டுவதற்குத்தான் முத்திரை வேண்டும். முத்திரை என்றால் வாங்குபவரைக் காப்பாற்றும் விஷயம் என்று மட்டும் நினைக்கிறோம். நேர்மையாகச் செய்பவரை முதலில் காப்பாற்றுவது அதுதான்.

இது முடியாத காரியமா? தேவதானத்துக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. எங்கேயோ கிண்டிய பால்கோவாவை அந்த ஊர்ப் பெயரில் விற்றால் கேட்பதற்கு இப்போது சட்டம் இருக்கிறது. தங்கத்துக்கு 2000ல் ஹால்மார்க் வந்தது. 2021 முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு இலக்க அடையாளக் குறியீடு வந்தது. அந்தக் குறியீட்டைச் செல்போனில் தட்டினால் நகையைப் பதிந்த கடையும் சோதித்த மையமும் தெரிந்துவிடும். லண்டன் சங்க மண்டபத்துத் தகடு இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்!

பாத்திரத்துக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் விற்பனைக்கான உணவை வைக்கக் கூடாது என்று 1955ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளிலேயே இருந்தது. பூசுகிற ஈயம் எந்த ஈயம் என்று தெருவில் நின்று யார் பார்த்தார்கள்? 2024 மார்ச்சில் மத்திய அரசு, சமையல் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை ஒன்றை வெளியிட்டது. அதில் சொல்லப்பட்டவை எவர்சில்வரும் அலுமினியமும். ஈயச்சொம்பு அந்தக் கணக்கில் இல்லை. கையால் தட்டிச் செய்கிற சின்னத் தொழில். பெரிய தொழிற்சாலை விதிகள் அவர்களுக்குப் பொருந்தவும் செய்யாது.

அதுவரை என்ன செய்யலாம்?

அரசு முத்திரை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சின்னச் சின்னதாகச் சில வேலைகள் இருக்கின்றன.

வீட்டில் பழைய ஈயச்சொம்பு இருந்தால் அடியையும் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்து யாருடையது என்று கேளுங்கள். நிறம் மாறிய ஒட்டு, பற்றவைத்த தடம், ஓரத்தில் இணைப்பு இருந்தால் அதைச் சமையலுக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது. எடை, தண்ணீர், தாள் சோதனைகளில் தப்பித்துவிட்டது என்பதால் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் எக்ஸ்ரே ஃப்ளூரசன்ஸ் கருவி உள்ள உலோகப் பரிசோதனைக் கூடம்தான் வழி. தங்கத்தை உருக்காமல் சோதிக்கும் கருவி வேலை செய்வதும் இதே முறையில்தான். ஆனால் தங்கத்துக்கென்று அமைத்த கருவியில் வெள்ளீயத்தின் அளவு சரியாக வராமல் போகலாம். கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஒட்டு இருந்தால் அந்த இடத்தையும் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்கினால் பில் கேளுங்கள். 'ஈயச்சொம்பு - 1' என்று எழுதினால் விடாதீர்கள். 'வெள்ளீயம், காரீயம் கலக்காதது' என்று எழுதி, கடை முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் எழுதித் தருவார். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் அந்தத் துண்டுக் காகிதம் ஒரு சாட்சி. பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் உங்கள் பெயருக்குக் கீழே கடையின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து வெட்டச் சொன்னால் இன்னும் நல்லது. நாலெழுத்துக் கூடுதல் செலவுதான். ஐம்பது வருடம் கழித்து ஒரு பேத்தி அதைத் திருப்பிப் பார்க்கும்போது அவருக்கு ஒரு பதிலாவது கிடைக்கும்.

குழந்தைகள் சந்தேகமான பாத்திரத்தில் பல நாள் சாப்பிட்டிருந்தால், பயப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் பரிசோதனை இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஈயச்சொம்பே வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். சுத்தமான வெள்ளீயத்தில் வைத்த ரசத்தின் மணத்துக்கு ஈடு கிடையாது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைத் தட்டிச் செய்யத் தெரிந்த கைகளும் இன்னும் சில இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு உரிய பெயரை நாம் இதுவரை பாத்திரத்தில் எழுதவில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, "இதைச் செஞ்சது யாருங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் பதிலைத் தயாராக வைத்திருப்பார். நூறு பேர் கேட்டால் அது பாத்திரத்திலேயே ஏறிவிடும்.